தானாக வந்து நிற்கும் எழுத்து

ஸ்ரீபெரும்புதூர்
8.8.1991

திரு. பகலவன் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. ஓர் உதவி வேண்டும்.

உங்கள் கம்பெனியை விட்டு வந்த பிறகு நான் இங்கே பஸ் நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் அச்சுக்கோப்புக் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். நாம் சேர்ந்து வேலை செய்த அதே தமிழ் சாப்ட்வேரைத்தான் வாங்கி வைத்திருக்கிறேன். என் தம்பி டில்லிபாபு ஒரகடம் சாலையில், தகடு வெட்டி உதிரி பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடமாக வேலை செய்கிறான்.

ஜூலை 22-ம் தேதி காலை அங்கே சைக்கிள் ஷெட் சுவரில் ஒரு துண்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தலைப்பு: ‘அண்ணாதுரையின் மூன்று விரல்கள் எங்கே?’ அண்ணாதுரை அங்கே வெட்டும் இயந்திரத்தில் நின்றவர். ஜூலை 9-ம் தேதி அவருக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. கையைக் காக்கிற கம்பித் தடுப்பு இருந்தால் வேகம் குறைகிறது என்று சூப்பர்வைசரே அதைக் கழற்ற வைத்தார் என்கிறது நோட்டீஸ். அண்ணாதுரையின் கவனக்குறைவு என்கிறது நிர்வாகம்.

மறுநாளே டில்லியை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நோட்டீஸ் அவன் அக்கா கடையில் அடித்ததாம். அதற்கு அவர்கள் காட்டுகிற ஆதாரம் அச்செழுத்தின் வடிவம் ஒன்றுதான். பர்சனல் ஆபீசர் பாண்டுரங்கன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை என்னிடம் அடித்தவர். பத்திரிகையையும் நோட்டீஸையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “ரெண்டும் ஒரே எழுத்து. இன்னா சொல்றே?” என்று கேட்டிருக்கிறார்.

“சார், ஊர்ல எல்லா நோட்டீசும் இந்த எழுத்துதான் சார்” என்றிருக்கிறான் டில்லி. எடுபடவில்லை.

29-ம் தேதி உள்விசாரணை. அதில் நிரூபணமானால் வேலை போய்விடும். எழுத்தைத் தவிர அவர்களிடம் வேறு எதுவும் இல்லை. அல்லி என்ற எழுத்து உங்கள் சாப்ட்வேரின் ஒவ்வொரு பிரதியிலும் வருகிறது, யாரும் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாக வந்து நிற்பது அதுதான், ஆகவே எழுத்தை வைத்துக் கடையைச் சொல்ல முடியாது என்று லெட்டர்ஹெட்டில் நான்கு வரி எழுதித் தாருங்கள்.

உங்களிடம் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை.

செந்தாமரை

---

கோடம்பாக்கம், சென்னை
12.8.1991

அன்புள்ள செந்தாமரை,

உங்கள் கடிதத்தை மேனேஜரிடம் காட்டினேன். லெட்டர்ஹெட் தரமாட்டார். நாங்கள் விற்றது அறுபத்து மூன்று பிரதி. அல்லி ஓடுகிற கடைகள் இருநூறுக்குக் குறையாது. ஒருவர் வாங்கிய பிளாப்பியை நாலு பேர் நகல் எடுத்திருக்கிறார்கள். “எல்லாக் கடையிலயும் இருக்குன்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அப்புறம் எவன்யா வாங்குவான்?” என்று கேட்டார்.

நான் தனி ஆளாக எழுதித் தரலாம். ஆனால் பார்க்காத காகிதத்தைப் பற்றி எழுதமாட்டேன். நோட்டீஸின் ஜெராக்ஸ் ஒன்று அனுப்புங்கள்.

அல்லியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பழைய எரிச்சல் வந்தது. நான் வரைந்தவை நான்கு எழுத்துகள். வாகைக்கு ஏழு மாதம் ஆனது. அல்லி பதினொரு நாளில் வரைந்தது. லேசர் பிரிண்டரில் தமிழ் ஒழுங்காக விழுகிறதா என்று சோதித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்காக வரைந்தேன். எல்லாவற்றுக்கும் பூவின் பெயர் வைப்போம் என்றார் மேனேஜர். பட்டியலில் அகரவரிசைப்படி அல்லி மேலே போய் நின்றது. திறந்தவுடன் மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளும்படி சாப்ட்வேர் எழுதியிருந்தது. யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. இப்போது பஸ்ஸில் போனால் கண்ணீர் அஞ்சலி, டியூஷன், மூல வியாதி, மனை விற்பனை என்று சுவரெல்லாம் அந்தப் பதினொரு நாள்தான். ‘க’வின் கீழ் வளைவு தட்டையாக நிற்கிறது. அதைத் திருத்த ஒரு வாரம் கேட்டேன், தரவில்லை. நீங்களும் அப்போது அங்கே இருந்தீர்கள்.

பகலவன்

---

ஸ்ரீபெரும்புதூர்
16.8.1991

பகலவன்,

நான் அங்கே இருந்தேன் என்பது உங்களுக்கு நினைவிருப்பதில் மகிழ்ச்சி. நீங்கள் காகிதத்தில் வரைந்தீர்கள். நூற்று நாற்பத்தாறு வடிவங்களையும் திரையில் புள்ளி புள்ளியாக வைத்துச் சுத்தம் செய்தது நான். பதினொரு நாளில் எட்டு நாள் என்னுடையது. கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் ‘எழுத்து வடிவம்: பகலவன்’ என்று மட்டும் அச்சானபோது நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காகத்தான் வேலையை விட்டேன். இதை எழுதாமல் ஜெராக்ஸை மட்டும் அனுப்பத்தான் நினைத்தேன். முடியவில்லை.

அல்லி எங்கும் இருக்கிறது என்று வருந்துகிறீர்கள். இங்கே கடையில் உட்கார்ந்து பாருங்கள். முதல் கல்யாணப் பத்திரிகையை வாகையில் போட்டுக் காட்டினேன். பெண்ணின் அப்பா எட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாமா இது, யாரோ பேனாவுல எய்தின மாதிரி கீது? பத்திரிகை எழுத்துல போடு.”

“பத்திரிகை எழுத்துன்னா எதுங்க?”

“அதாம்மா, எல்லாரும் போடுவாங்களே.”

அப்போது அல்லி வெளிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வல்லக்கோட்டை முருகன் கோயில் கிருத்திகை நோட்டீஸைச் செவ்வந்தியில் போட்டேன். சாமி நோட்டீஸ் மாதிரி இல்லை என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். கடைப் பலகை எழுதுகிற முனிரத்தினம் அண்ணன், முப்பது வருடமாக அழகாக வளைத்து எழுதிய கை அவருடையது, இப்போது ‘க’வைத் தட்டையாக எழுதுகிறார். ஏன் என்று கேட்டேன். “வளைச்சு எய்தினா கம்ப்யூட்டர் மாதிரி இல்லேன்னு அழிச்சு எய்த சொல்றாங்கமா” என்றார். நீங்கள் திருத்த நேரம் கிடைக்காத தவறு இங்கே அழகாகிவிட்டது. டில்லியின் தொழிற்சாலை வாசலில் ‘பாதுகாப்பே முதன்மை’ என்று ஒரு பலகை இருக்கிறது. அதுவும் அல்லிதான்.

ஜெராக்ஸை இதோடு வைத்திருக்கிறேன். டில்லி மூன்று வாரமாக வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான். சீக்கிரம் எழுதுங்கள்.

செந்தாமரை

---

கோடம்பாக்கம், சென்னை
20.8.1991

செந்தாமரை,

படித்தவுடன் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

நோட்டீஸைப் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு மாலை பார்த்தேன். எழுத்து அல்லி. அளவு, வரி இடைவெளி, நான்கு பக்க ஓரம், எல்லாம் சாப்ட்வேர் தானாகத் தருவது. யாரும் எதையும் தொடவில்லை. சிரத்தையே இல்லாத ஒருவர் அடித்தது போலிருக்கிறது. தலைப்பைத் தவிர.

அல்லியில் ‘ண’வுக்குப் பின்னால் இடைவெளி அதிகம். அது உங்களுக்குத் தெரியும். 1988-ல் அதைக் குறைக்கச் சொல்லி என்னோடு சண்டை போட்டது நீங்கள்தான். நேரமில்லை என்று நான் விட்டுவிட்டேன். நோட்டீஸின் உள்ளே அண்ணாதுரையின் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. இரண்டிலும் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. தலைப்பில் மட்டும் இல்லை. அங்கே யாரோ ‘ண்’ணையும் ‘ணா’வையும் இடைவெளி தெரியாதபடி நெருக்கி வைத்திருக்கிறார்கள். சாப்ட்வேரில் அதற்கு வழி உண்டு. கையேட்டில் எழுதவில்லை. வழி தெரிந்தவர்கள் இரண்டு பேர்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் மறுபடி எடுத்துப் படித்தேன். ‘நான் அடிக்கவில்லை’ என்று நீங்கள் எங்குமே எழுதவில்லை. எழுத்தைத் தவிர அவர்களிடம் ஒன்றுமில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்தக் கல்யாணப் பத்திரிகையில் பெரிய எழுத்தில் ‘ண்ணா’ எங்காவது வருகிறதா?

பகலவன்

---

ஸ்ரீபெரும்புதூர்
22.8.1991

பகலவன்,

வருகிறது. மண்டபத்தின் முகவரி. அண்ணாநகர். கடிதம் வந்ததும் பிளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். நெருக்கித்தான் வைத்திருக்கிறேன். எப்போது செய்தேன் என்றே நினைவில்லை. பெரிய எழுத்தில் அது வந்தால் என் கை தானாகப் போய்விடுகிறது. ஆக, பாண்டுரங்கனின் பைலில் இரண்டு காகிதமும் சேர்ந்தே இருக்கின்றன. அவர் இன்னும் உற்றுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நோட்டீஸை அடித்தது நான். டில்லிக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது.

ஜூலை 19-ம் தேதி அண்ணாதுரையின் மனைவி பாப்பம்மாள் கடைக்கு வந்தார். கவனக்குறைவு என்று எழுதிய ஒரு தாளில் கணவரின் இடது கை ரேகையை ஆஸ்பத்திரியிலேயே வாங்கிவிட்டார்கள் என்றார். தடுப்பை யார் கழற்றச் சொன்னது, எந்த ஷிப்டில், யார் பக்கத்தில் நின்றார்கள், எல்லாம் வரிசையாகச் சொன்னார். நான் அடித்தேன். யார் கடையென்று தெரியக்கூடாது என்று எதையும் மாற்றாமல் வந்தது வந்தபடி விட்டேன். இந்த ஊரில் அல்லியை விட நல்ல முகமூடி கிடையாது.

“எம் பேரு வேணாம்மா. அவரு பேர மட்டும் பெருசா போடு” என்றார். போட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பேரு எங்கே கீது என்று கேட்டார், திரையில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விரலை அந்த இடைவெளியில் வைத்தார்.

“இது ஒரு ஆளு பேரா, ரெண்டு பேரா?”

ஒருவர்தான் என்றேன். “அப்போ ஏன் நடுவுல வுட்டுகினு கீது?” என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் கண்ணுக்குத் தெரிந்தது. உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஊரில் மற்ற யாருக்கும் அது தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். நெருக்கி வைத்தேன். தாள்களை அவரே வாங்கிக்கொண்டு போனார், ஷெட்டில் ஒட்டியது யாரென்று நான் கேட்கவில்லை.

நானே போய் ஒப்புக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அப்போதும் டில்லியின் வேலை போய்விடும். ‘சொன்னோமே, அக்கா கடைதான்’ என்பார்கள். மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்த ஊரில் பெயரில்லாத நோட்டீஸ் அடித்தவர்களை யாரும் லேசாகப் பார்ப்பதில்லை, கடையும் போகலாம்.

நீங்கள் வருவதானால் வாருங்கள். வந்தால் நான் உங்கள் கம்பெனியில் வேலை பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். எழுத்தை யார் செய்தது என்று கேட்டால் கையேட்டில் இருப்பதைச் சொல்லுங்கள். என் வாயாலேயே இதைக் கேட்க வைத்துவிட்டது காலம்.

செந்தாமரை

---

கோடம்பாக்கம், சென்னை
25.8.1991

செந்தாமரை,

வருகிறேன். மேனேஜரிடம் சொல்லவில்லை, உடம்பு சரியில்லை என்று லீவு எழுதியிருக்கிறேன்.

அல்லி எல்லாக் கடையிலும் இருக்கிறது என்பது உண்மை. அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கையேட்டில் இருப்பதைச் சொல்வது உண்மையல்ல. உங்களுக்கும் எனக்கும் அது தெரியும். அன்றைக்கு நான் வாய் திறக்காததற்கு இன்றைக்கு நீங்களே அனுமதி தருகிறீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்வேன்.

தலைப்பைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. கேட்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பஸ் நிலையத்தில் காத்திருக்காதீர்கள். நம்மைச் சேர்த்து யாரும் பார்க்கக்கூடாது.

பகலவன்

---

கோடம்பாக்கம், சென்னை
30.8.1991

செந்தாமரை,

நேற்று கேட் வாசலில் நீங்கள் நின்றதைப் பார்த்தேன். பார்க்காதது போல் போய்விட்டேன். உள்ளே நடந்ததை டில்லி உங்களுக்குச் சொல்லியிருப்பான். அவனுக்கு முழுக்கப் புரிந்திருக்காது. ஆகவே எழுதுகிறேன்.

விசாரணை அதிகாரி இராமச்சந்திரன் காஞ்சிபுரத்து வக்கீல். பொறுமையானவர். நான் பதினான்கு காகிதங்கள் கொண்டுபோயிருந்தேன். பூந்தமல்லி, தாம்பரம், காஞ்சிபுரம், வாலாஜாபாத் என்று வெவ்வேறு ஊர்க் கடைகளில் அடித்த நோட்டீஸ்கள். எல்லாம் அல்லி. மேஜை முழுக்கப் பரப்பி, “எது எந்தக் கடை என்று சொல்லுங்கள் ஐயா” என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். முடியவில்லை. “எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க மாதிரி இருக்குதே” என்றார். டில்லி சிரித்துவிட்டான். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

பாண்டுரங்கன் எழுந்தார். அவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஒரு நிமிஷம் சார். என் பொண்ணு பத்திரிகை வந்தப்போ வூட்ல எல்லாரும் கேட்டாங்க, மத்தவங்க பத்திரிகை மாதிரிதான் இருக்கு, ஆனா இது மட்டும் இன்னாவோ நல்லா இருக்கேன்னு. எனக்கும் இன்னான்னு புரியல. இப்ப இவர் பரப்பி வச்சதும்தான் தெரியுது. இதுல அண்ணாநகர் பாருங்க. நோட்டீஸ் தலைப்புல அண்ணாதுரை பாருங்க. ரெண்டும் சேர்ந்து நிக்குது. இந்தப் பதினாலுல வர்ற அண்ணா சாலை, அண்ணா தெரு எல்லாம் வுட்டு வுட்டு நிக்குது.”

இராமச்சந்திரன் ஸ்கேலை வைத்து அளந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இதை யார் செய்யலாம்?”

“வழி தெரிந்தவர் செய்யலாம்.”

“யாருக்குத் தெரியும்?”

அந்த அறையில் மின்விசிறி ஓடவில்லை. டில்லி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் தெரியாத முகம். நான் சொன்னேன்: “எனக்குத் தெரியும். எழுத்தை வரைந்தவன் நான். கடைக்கார அம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது. கடைக்கு சர்வீஸ் பார்க்க வரும்போது பத்திரிகையின் முகவரியைத் திருத்திக் கொடுத்தது நான். நோட்டீஸையும் நான்தான் அடித்தேன். சென்னையில்.”

“எதற்கு?”

“விரல் போன செய்தி கேள்விப்பட்டேன். மனசு கேட்கவில்லை.”

எழுதி வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். டில்லிக்கும் நோட்டீஸுக்கும் தொடர்பில்லை என்று இராமச்சந்திரன் வாய்விட்டே சொன்னார்.

பஸ்ஸில் செம்பரம்பாக்கம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் வேலைக்கு மறுபடியும் என் பெயரைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பகலவன்

---

ஸ்ரீபெரும்புதூர்
14.9.1991

பகலவன்,

பதினைந்து நாளாக எழுதாததற்கு மன்னிக்கவும். முதலில் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் நிலைமை வேறாகிவிட்டது.

டில்லியை 5-ம் தேதி திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அண்ணாதுரை நின்ற இயந்திரத்திலேயே போட்டிருக்கிறார்கள். உங்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாக பிரிண்டர் மை கொண்டுவருகிறவர் சொன்னார். நீங்கள் அதை எழுதவில்லை.

10-ம் தேதி தொழிற்சாலை ஆய்வாளர் அண்ணாதுரை விஷயமாக வந்தார். பாப்பம்மாள் மனு கொடுத்திருந்தார். நிர்வாகம் இயந்திரத்தைக் காட்டியிருக்கிறது. தடுப்பு அதன் இடத்தில் இருந்தது. நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே மாட்டிவிட்டார்கள். பிறகு நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நோட்டீஸை எழுதியவர் சென்னையில் கம்ப்யூட்டர் எழுத்து வரைகிறவர், இந்தத் தொழிற்சாலைக்குள் கால் வைத்ததில்லை, தடுப்பு கழற்றிய கதை அவருடைய கற்பனை. பாண்டுரங்கன் இப்படிச் சொன்னபோது பாப்பம்மாள் அங்கேயே நின்றிருக்கிறார். நேராகக் கடைக்கு வந்தார். அழவில்லை. “நான் சொன்னத நீதானே எய்தினே? இப்போ யாரோ மெட்ராஸ் ஆளு சொன்னதுன்றாங்களே” என்றார்.

நீங்கள் டில்லியைக் காப்பாற்றினீர்கள். அதே தாளால் அந்த அம்மாள் சொன்னதெல்லாம் பொய்யாகிவிட்டது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அந்த அறையில் நான் இருந்திருந்தால் எனக்கும் அது தோன்றியிருக்காது.

என் பிளாப்பியில் நோட்டீஸ் இருக்கிறது. ஜூலை 19, மாலை 4.40 என்று கம்ப்யூட்டர் தானாகப் பதிந்த தேதியும் இருக்கிறது. தடுப்பைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பே, பக்கத்தில் நின்றவர் பெயர் உட்பட, பாப்பம்மாள் சொன்னது அப்படியே இருக்கிறது. அதைக் காட்டினால் மனு நிற்கும். காட்டினால் அடித்தது நான் என்று ஆகும்.

டில்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒரு மாசம் என்னக் குத்தவாளி மாதிரி உக்கார வச்சியேக்கா” என்று ஒரு தடவை கேட்டான். நேற்று ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவன், சாப்பிடாமல் சொன்னான்: “இன்னிக்கு மறுபடியும் தடுப்பக் கழட்ட சொல்டாங்க. நாளைக்கு என் கையும் அதே மிஷின்லதான் போவணும். நீ எய்துக்கா.”

எழுதிவிட்டேன். ஆய்வாளருக்குத் திங்கட்கிழமை காலை கொடுக்க வேண்டும். ஒரு பிரதி இதோடு இருக்கிறது. முதல் பத்தியில், பாப்பம்மாள் சொல்லச் சொல்ல நோட்டீஸை அடித்தது நான் என்று இருக்கிறது. இரண்டாவதில், தலைப்பை நெருக்கி வைக்கும் வழி எனக்கு எப்படித் தெரியும் என்பதற்கு, அந்த எழுத்தைச் செய்த இருவரில் நான் ஒருத்தி என்று இருக்கிறது. மூன்றாவதில், ஆகஸ்ட் 29 அன்று பகலவன் என்பவர் விசாரணையில் சொன்னது பொய் என்று இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

தபாலை நம்பவில்லை. முனிரத்தினம் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன், அவர் உங்கள் வீட்டு வாசலில் காத்திருப்பார். மூன்று பத்தியையும் படியுங்கள். தவறு இல்லை என்றால் என் கையெழுத்துக்குக் கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டு அவரிடமே கொடுங்கள்.

செந்தாமரை